நர்சம்மா முதல் ஊட்டி மெடிக்கல் காலேஜ் வரை: நம்ம மலையில் அரசு மருத்துவம் எப்படி நடக்கிறது?

போன வருடம் அண்ணிக்கு நாள் தள்ளிப்போனதும் வீட்டில் பெரிய விவாதம். அம்மாவுக்கு கேரளப் பக்கம் சுல்தான் பத்தேரியில் தெரிந்த தனியார் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது, அங்கேயே காட்டலாம் என்றார். அண்ணன் ஊட்டியில் புதிதாகக் கட்டியிருக்கிற மெடிக்கல் காலேஜுக்கே நேராகப் போய்விடலாம் என்றான். பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "மொதல்ல நர்சம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க பேரை எழுதிக்கட்டும், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அக்கா சொன்னதுதான் சரி. ஆனால் ஏன் சரி என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு டீத்தோட்ட லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்து வளர்ந்தவன். ஊசிக்கும் காய்ச்சலுக்கும் எத்தனையோ தடவை பி.எச்.சி. என்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஜி.எச். என்கிற அரசு மருத்துவமனைக்கும் அலைந்திருக்கிறேன். இவை இரண்டும் ஒரே ஆபீஸின் கீழ் வருவதில்லை என்பதே எனக்கு அண்ணியோடு அலைந்த இந்த ஒன்பது மாதத்தில்தான் தெரிந்தது. தெரிந்துகொண்டதை எங்களைப் போன்ற வீடுகளுக்காக எழுதி வைக்கிறேன். எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியாமல் நேரம் போய்விடுகிறது, நம்ம மலையில் நேரம் போனால் உயிரும் போகிறது, அதனால்தான்.

கீழே இருந்து தொடங்குவோம். நம் வீட்டுக்கு ஆகப் பக்கத்தில் இருப்பது துணை சுகாதார நிலையம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது நாடு முழுவதற்குமான கணக்கு. அதற்கு மேலே ஆரம்ப சுகாதார நிலையம், நாம் பி.எச்.சி. என்று சொல்வது, அது சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று. மலைக்கு இப்படித் தளர்வு கொடுத்திருப்பது நல்ல விஷயம்தான், ஆனாலும் இது தலையை எண்ணுகிற கணக்கு. கோயம்புத்தூரில் 3,000 பேர் நாலு தெருவில் அடங்கிவிடுவார்கள். எங்கள் பக்கம் 3,000 பேர் என்றால் ஏழெட்டு எஸ்டேட் லைன், நடுவில் சதுப்பு வயல், அதையும் தாண்டிக் காட்டோரத்தில் பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகள், பொழுது சாய்ந்தால் யானை வந்து நிற்கிற ரோடு, ஜூன் ஜூலையில் தேவாலா மழை. இத்தனையையும் ஒரு கிராம சுகாதார செவிலியர் நடந்தும் ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தியும் பார்க்க வேண்டும். நாங்கள் நர்சம்மா என்று கூப்பிடுவது அவரைத்தான்.

நர்சம்மாவை ஊசி போடுகிறவர் என்று மட்டும் நினைத்திருந்தேன். அவருடைய முதல் வேலையே தன் எல்லைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு டி.பி. மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று எல்லாமே பதிவேட்டில் இருக்கும். அண்ணியின் பெயரை அவர் எழுதிக்கொண்டதும் பிக்மி என்கிற அரசுக் கணினிப் பதிவில் ஏற்றி 12 இலக்க எண் ஒன்று கொடுத்தார். ஆர்.சி.எச். எண் என்பார்கள். பிரசவம் தனியாரில் நடந்தாலும் அரசில் நடந்தாலும் இந்த எண் வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதைத்தான் கேட்பார்கள். முதல் 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுவது நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் கிடைப்பதற்கும் இந்தப் பதிவுதான் தொடக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்டவர்கள் எங்கள் லைனிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், கடைசி மாதத்தில் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

முதல் பரிசோதனையிலேயே அண்ணிக்கு ரத்தம் குறைவு என்று தெரிந்தது. ஹீமோகுளோபின் 8.4. சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று நர்சம்மா கேட்டார், போடுகிறேன் என்றாள் அண்ணி, உண்மையிலேயே போட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த கேள்வி: "எப்ப போடுறீங்க?" காலையில் டீ குடித்த கையோடு. நர்சம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். டீயில் இருக்கிற பொருள் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரமாவது டீ ஆகாது, எலுமிச்சைச் சாறோடு போட்டால் இன்னும் நல்லது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, வேளைக்கு ஒரு டம்ளர் டீயும் குடிக்கிற ஊரில் இதை எல்லா வீட்டுச் சுவரிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதற்கப்புறமும் அளவு போதுமான அளவுக்கு ஏறாததால் பி.எச்.சி.யில் உட்காரவைத்து இரும்புச்சத்து மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். காசு எதுவும் வாங்கவில்லை.

புதன்கிழமை ஊசி

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள். எங்களுக்கு அது அங்கன்வாடியில் நடக்கும். பாட்டி இன்னும் அதைப் பிள்ளைக் காம்பரா என்றுதான் சொல்வார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து ஐம்பது வருடம் ஆகியும் அந்த வார்த்தை போகவில்லை. ஒரு புதன்கிழமை காலையில் பி.எச்.சி.யில் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தபோது, நர்சம்மா கிளம்புவதற்கு முன்னால் செய்த ஒரு காரியத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உறைய வைத்த ஐஸ் பேக்குகள் நான்கை மேஜை மேல் எடுத்து வைத்தார். உடனே பெட்டிக்குள் போடவில்லை, காத்திருந்தார். மேலே வியர்த்து நீர்த்துளி படிந்ததும் ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்டதும்தான் நான்கையும் பெட்டியின் நான்கு பக்கமும் செருகி, நடுவில் மருந்துப் புட்டிகளை வைத்து மூடினார்.

எதற்கு இந்தப் பொறுமை என்று கேட்டேன். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடு பட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும், உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் போடுகிற பென்டாவேலன்ட் என்கிற ஐந்து நோய்த் தடுப்பு மருந்து உறைந்துவிட்டால் அதற்கப்புறம் உருக வைத்துப் பிரயோஜனம் இல்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக் பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்திருக்கும், அதை அப்படியே புட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் மருந்து உறைந்துபோகும். ஜனவரியில் புல்வெளியே வெள்ளையாக உறைபனி போர்த்திக் கிடக்கிற ஊட்டிப் பக்கத்து நர்சம்மாக்களுக்கு வெளியில் இருக்கிற குளிரும் சேர்ந்துகொள்ளும். சூட்டைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது: புட்டியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு வெள்ளைச் சதுரமும் இருக்கும், சூடு பட்டுக்கொண்டே போனால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் அந்த மருந்தைப் போடக்கூடாது. அடுத்த முறை குழந்தையைக் கூட்டிப் போகும்போது கேட்டுப் பாருங்கள், காட்டுவார்கள்.

ஊசி மருந்துக்கும் நம்ம மலைக்கும் பழைய உறவு உண்டு. குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907இல் தொடங்கியது, அதுவும் வெறிநாய்க்கடிக்கு மருந்து கொடுப்பதற்காகத்தான். நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் போடுகிற முத்தடுப்பு மருந்தையும் அங்கே தயாரித்தார்கள். இன்றைக்கு நாய் கடித்தால் குன்னூர் வரை ஓட வேண்டியதில்லை. முதலில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் காயத்தைக் கழுவ வேண்டும், அப்புறம் நேராகப் பி.எச்.சி. நாய்க்கடி ஊசியும் பாம்புக்கடி மருந்தும் பி.எச்.சி.க்களிலேயே வைத்திருக்கிறார்கள். கொழுந்துக் காட்டில் காலை வைக்கிற எங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சமவெளிக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

பி.எச்.சி.யில் டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் எல்லாம் இருப்பார்கள். காய்ச்சல், பிரசவம், சின்னக் காயம், ரத்தம் சிறுநீர் பரிசோதனை இதெல்லாம் அங்கேயே முடியும். சில பி.எச்.சி.க்கள் ஒன்றியத்துக்கே தலைமை மாதிரி, படுக்கைகளோடு கொஞ்சம் பெரிதாக இருக்கும், வட்டார மருத்துவ அலுவலர் அங்கேதான் உட்காருவார். இந்த ஆட்களில் யாருக்கும் கண்ணில் படாத ஒருவர் சுகாதார ஆய்வாளர். ஊருக்கு வருகிற குடிதண்ணீரைக் குழாயடியில் பிடித்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக் குளோரின் அளவைச் சொல்கிறவர் அவர். ஓடைத் தண்ணீரையும் ஊற்றுத் தண்ணீரையும் நம்பியிருக்கிற லைன்களில், ஒரு மழைக்காலம் வயிற்றுப்போக்கு இல்லாமல் கழிந்தால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்பத்திரியில் கூட்டமே சேராமல் பார்த்துக்கொள்கிற வேலை இது, அதனால்தான் யாரும் அவருக்கு நன்றி சொல்வதில்லை.

யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

இதுதான் பெரும்பாலானோர் குழம்புகிற இடம், நானும் குழம்பினேன். நமக்கு எல்லாமே 'கவர்மென்ட் ஆஸ்பத்திரி'. ஆனால் மக்கள் நல்வாழ்வுத் துறைக்குள் மூன்று தனித்தனி இயக்ககங்கள் இருக்கின்றன. துணை சுகாதார நிலையமும் பி.எச்.சி.யும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு இயக்ககத்தின் கீழ். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் லாலி போன்ற அரசு மருத்துவமனைகள், அதாவது ஜி.எச்.கள், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். ஊட்டி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். மாவட்டத்தில் முதலாவதற்கு மாவட்ட சுகாதார அலுவலர், இரண்டாவதற்கு நலப்பணிகள் இணை இயக்குநர், மூன்றாவதற்கு டீன். இவர்கள் எல்லோரையும் ஒரே மேஜைக்குக் கூப்பிட்டு உட்காரவைக்கக்கூடியவர் கலெக்டர்.

ஏன் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்? பழைய மதராஸ் மாகாணத்தில் 1920களின் தொடக்கத்திலேயே நோய் வந்தபின் பார்ப்பது ஒரு வேலை, வராமல் தடுப்பது இன்னொரு வேலை என்று பிரித்துப் பொது சுகாதாரத்துக்கென்றே தனித் துறை வைத்துவிட்டார்கள். 1939இல் அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது, மதராஸ் பொது சுகாதாரச் சட்டம், இன்றைக்கும் தமிழ்நாட்டில் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. தொற்றுநோய் வந்தால் அறிவிக்கச் சொல்லவும், அசுத்தமான தண்ணீரை நிறுத்தவும் அதிகாரம் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. பல மாநிலங்களில் இப்படித் தனியாகப் பொது சுகாதாரத்துக்கென்று ஆட்கள் கிடையாது. இந்தப் பிரிவினை தமிழ்நாட்டுக்கு நிறைய நல்லது செய்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற கூட்டம் எப்போதும் சத்தம் போடும், நர்சம்மாவின் பதிவேடு சத்தம் போடாது. இரண்டுக்கும் ஒரே அதிகாரி இருந்தால் பதிவேட்டைப் பார்க்க நேரமே இருக்காது.

சிக்கலும் உண்டு. பி.எச்.சி.யில் மருந்து இல்லையென்று ஜி.எச்.சில் போய்ச் சண்டை போட்டுப் பலன் கிடையாது, அவர்களுக்கும் இவர்களுக்கும் மேலதிகாரி வேறு. எங்கே குறை என்று பார்த்து அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அரசு சுகாதார உதவி எண்ணான 104க்குப் போன் செய்யலாம்.

மருந்து வருகிற வழி மட்டும் எல்லோருக்கும் ஒன்று. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பித் தேறிய பிறகே கிடங்கிலிருந்து அனுப்புகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, பேங்க் பாஸ்புக் மாதிரியே. தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் என்ன மருந்து வேண்டும் என்று கேட்டு எடுத்துக்கொள்ளலாம், எடுத்தது அதில் பதிவாகும். இந்த முறையைப் பார்த்துப் பின்னால் மற்ற மாநிலங்களும் தங்களுக்கென்று கழகம் வைத்துக்கொண்டன.

எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் பார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்று ஆகியிருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரி என்பது அதுதான். சில இடத்தில் நன்றாக நடக்கிறது, சில இடத்தில் கம்பவுண்டர் அறையில் பூட்டு தொங்குகிறது. எப்படி இருந்தாலும் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டுகிறோம் என்பதற்காக நர்சம்மாவின் பதிவேட்டில் பெயர் இல்லாமல் இருக்கக்கூடாது.

ரோடுதான் பிரச்சினை

பந்தலூரிலிருந்து ஊட்டி போக வேண்டுமென்றால் முதலில் கூடலூர். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், நடுவட்டம் ஏறி, பைக்காரா தாண்டி, நல்ல நாளிலேயே இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்கும் மேலான சிகிச்சை என்றால் குன்னூர், மேட்டுப்பாளையம் இறங்கி கோவை. மழைக்காலத்தில் மண்சரிந்தால் ரோடே இருக்காது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன மண்சரிவை மலையில் யாரும் மறக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பத்தேரியும் பெருந்தல்மண்ணாவும் எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பதால் பாதிப்பேர் கேரளாவுக்கே போய்விடுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் சித்தப்பாவுக்கு ராத்திரி எட்டு மணிக்கு நெஞ்சு வலி. வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்து, பிறகு ஜீப் பிடித்துப் பெரிய இடமாகப் போவோம் என்று வெளியூர்த் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கே போனதும் இருதய டாக்டர் இல்லை, வேறு இடம் பாருங்கள் என்றார்கள். இன்னொரு ஊர், இன்னொரு வரிசை. மொத்தம் மூன்று மணி நேரம். பிழைத்துவிட்டார், ஆனால் இருதயத்தின் ஒரு பகுதி போய்விட்டது. இன்றைக்கு நடப்பார், கொழுந்து மூட்டை தூக்க முடியாது. அன்றைக்கு நாங்கள் தாண்டிப் போன பி.எச்.சி.யில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது அப்படி ஒரு வலி வந்தால் முதலில் அந்த விளக்கெரிகிற இடத்துக்குத்தான் போவேன். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்த உடனே கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகளைப் பி.எச்.சி.யிலும் துணை சுகாதார நிலையத்திலும் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் என்று மூன்று வகை. ரத்தக் கட்டி மேலும் பெரிதாகாமல் பார்த்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்கு நமக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும். கீழே இருக்கிற சின்ன இடத்துக்கு என்ன தெரியும் என்று தாண்டிப் போகிற நம் பழக்கம் சமவெளியில் அரை மணி நேரத்தைத்தான் வீணாக்கும், இங்கே மூன்று மணி நேரத்தை வீணாக்கிவிடுகிறது.

108 வண்டியும் அப்படித்தான். 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்த இந்த ஆம்புலன்ஸில் ஓட்டுகிறவரை பைலட் என்பார்கள், கூட ஒரு மருத்துவ உதவியாளர் இருப்பார், பிரசவமே பார்க்கத் தெரிந்தவர். நாம் ஜீப்பில் போய் இறங்கினால் அங்கே போய்த்தான் கதை சொல்ல வேண்டும். 108இல் போனால் ஆக்ஸிஜனும் முதலுதவியும் வழியிலேயே தொடங்கிவிடும், எந்த ஆஸ்பத்திரியில் என்ன வசதி என்பதும் அவர்களுக்குத் தெரியும். போன் செய்யும்போது எஸ்டேட் பெயர் மட்டும் சொன்னால் போதாது, டிவிஷன், லைன், பக்கத்தில் இருக்கிற கோயில் அல்லது ஃபேக்டரி, வண்டி எதுவரை வரும் என்பதையும் சொல்லுங்கள். ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் போய் நிற்பது நல்லது, யானை இல்லை என்று பார்த்துக்கொண்டு.

ஊட்டியில் மெடிக்கல் காலேஜ் 2022இல் வந்தது, அதன் 700 படுக்கை ஆஸ்பத்திரி 2025 ஏப்ரலில் திறந்தது, பழங்குடியினருக்கென்றே 50 படுக்கைகளோடு ஒரு வார்டும் அதில் உண்டு. முன்பு கோவைக்கு இறக்க வேண்டியிருந்த பலரை இப்போது மலையிலேயே பார்க்க முடிகிறது. மலைக்கு இது நெடுநாள் கனவு. ஆபரேஷன் மாதிரிப் பெரிய செலவுகளுக்கு முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உதவும். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாதவர்கள் நல்லபடியாக இருக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள், நோயாளியை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டு வருமானச் சான்றிதழுக்கு ஓடுகிற கொடுமையை நான் பார்த்திருக்கிறேன்.

வீடு தேடி வருகிற பகுதியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சுய உதவிக் குழுவிலிருந்து வந்த ஒரு பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் பாட்டி பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான். ஒரு நாள் கூலியை விட்டு, ஜீப்புக்கும் காசு கொடுத்து, மாத்திரைக்காக மட்டும் யார் போவார்கள்?

மலையைப் பற்றி எழுதிவிட்டு அரிவாள் செல் ரத்தசோகையைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் கண்டுபிடித்துச் சொன்னதே நம்ம நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல், லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள். ரத்தச் சிவப்பணு வட்டமாக இருப்பதற்குப் பதிலாக அரிவாள் மாதிரி வளைந்து, சின்ன ரத்தக்குழாயில் சிக்கி, தாங்க முடியாத மூட்டு வலியைக் கொடுக்கும். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அந்தக் கூறு வந்தால்தான் நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அதைச் சுமப்பவர், அவருக்குப் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. பழைய காலத்தில் இந்த வலிக்குப் பேரே தெரியாமல் இளவயதிலேயே போனவர்கள் எத்தனை பேரோ. கூடலூரில் ஆதிவாசி மக்களோடு சேர்ந்து அஷ்வினி அமைப்பு நடத்துகிற ஆதிவாசி மருத்துவமனை இதற்காகப் பல வருடமாக உழைத்து வருகிறது, அரசுத் திட்டங்களோடு சேர்ந்தும் வேலை செய்கிறது. 2023இல் ஒன்றிய அரசும் இதை ஒழிக்கத் தேசிய இயக்கம் தொடங்கியது. பரிசோதனைக்கு விரல் நுனி ரத்தம் போதும். கூப்பிட்டால் தயங்காமல் போங்கள், கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது.

எல்லை மாவட்டம் என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. 2024 ஜூலையில் கேரளாவின் மலப்புரத்தில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது நாடுகாணி சோதனைச் சாவடியில் சுகாதாரத் துறை ஆட்கள் மழையில் நின்று, வருகிற வண்டியில் ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் பார்த்தார்கள். வண்டியில் இருந்தவர்களுக்கு எரிச்சல், எனக்கும்தான். பிறகு யோசித்தால், சாவடியில் நிற்கிற அந்த ஆய்வாளரும் லைனில் ஒரே வாரத்தில் நாலு பேருக்குக் காய்ச்சல் என்று மேலே தகவல் கொடுக்கிற நர்சம்மாவும் செய்வது ஒரே வேலை. நிபாவைக் கொண்டுவரக்கூடிய வௌவால் கடித்த பழமும் குரங்குக் காய்ச்சலைப் பரப்புகிற உண்ணியும் சாவடியில் நின்று போவதில்லை, லைனிலிருந்து போகிற தகவல்தான் அதைப் பிடிக்கும். காய்ச்சலை வீட்டிலேயே மறைத்து வைக்காதீர்கள் என்று அவர்கள் கெஞ்சுவது அதனால்தான்.

அண்ணி கதைக்கு வருகிறேன். பிரசவத் தேதி ஜூலைக் கடைசி, நல்ல மழை. நர்சம்மா பத்து நாள் முன்னாலேயே, "வலி வந்தப்புறம் வண்டி தேடாதீங்க, ரோடு நம்ம கையில இல்ல" என்று சொல்லிவிட்டார். தூரத்து மலைக் குடியிருப்புகளில் இருக்கிற கர்ப்பிணிகளை இப்படி முன்கூட்டியே கூட்டி வந்து தங்க வைக்கச் சில பி.எச்.சி.க்களில் பிரசவக் காத்திருப்பு அறையே உண்டு. ரத்தக்குறைவு இருந்ததால் அண்ணியைக் கூடலூருக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தோம். மூன்றாவது நாள் விடியற்காலை பெண் குழந்தை, 2 கிலோ 800 கிராம். அன்றைக்கு ராத்திரி எங்கள் லைனுக்கு வருகிற ரோட்டில் மரம் விழுந்து மறுநாள் மத்தியானம் வரை வண்டி போகவில்லை என்று அப்புறம்தான் கேள்விப்பட்டோம். வீட்டுக்குத் திரும்ப, தாயையும் குழந்தையையும் கொண்டுவந்து விடுகிற அரசின் 102 வண்டி, இலவசம்தான்.

ஆறாவது வாரப் புதன்கிழமையும் மழை. பஸ் வரவில்லை. பதினொரு மணிக்கு நர்சம்மா குடையும் பெட்டியுமாக நடந்தே வந்து சேர்ந்தார், செருப்பெல்லாம் சேறு. பெட்டியைத் திறப்பதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டு, புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அந்தச் சதுரத்தைப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது. ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது, பாட்டி அதட்டினார், அண்ணி அழுதாள். அரை மணி நேரம் இங்கேயே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, அட்டையில் நாலு வாரம் தள்ளி அடுத்த புதன்கிழமைத் தேதியை எழுதிக் கொடுத்தார்.